யார் திருப்பிப் படுக்கவைப்பது? எளிய மருத்துவமனைகளில் படுக்கைப்புண் தடுப்பு

தானாகப் புரள முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். நர்சிங் மாணவிகள் தேர்வுத்தாளில் தவறாமல் எழுதும் வரி இது. வார்டில் நடப்பது வேறு. ஏன் நடக்கவில்லை என்று கேட்டால் அக்கறை இல்லை, சோம்பல் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு சிறு கணக்குப் போட்டால் அந்தப் பழி எவ்வளவு அநியாயம் என்பது தெரிந்துவிடும்.

நாற்பது கட்டில் உள்ள ஒரு பொது வார்டை எடுத்துக்கொள்வோம். பக்கவாதம், தலைக்காயம், இடுப்பெலும்பு முறிவு என்று அசையாமல் கிடப்பவர்கள் பத்துப் பேர். இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால் ஒருவருக்கு ஒரு நாளில் 12 தடவை, பத்துப் பேருக்கு 120 தடவை. ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு பேரும் ஐந்து நிமிடமும் தேவை என்று வைத்தால் மொத்தம் 20 மணி நேர உழைப்பு. அதாவது ஒரு நாளில் இரண்டரைச் செவிலியர்கள், தங்கள் எட்டு மணி நேர ஷிஃப்ட் முழுவதும் வேறு எந்த வேலையும் பார்க்காமல் இதை மட்டுமே செய்ய வேண்டும். ஊசி, டிரிப், புது அட்மிஷன், கேஸ் ஷீட் எல்லாவற்றையும் ஓரிருவர் சமாளிக்கும் இரவு ஷிஃப்டில் இந்த உழைப்பு எங்கிருந்து வரும்?

மலிவான தடுப்பு முறை என்றதும் நாம் பொருளின் விலையைத்தான் பார்க்கிறோம். ஐந்தாயிரம் ரூபாய் ஏர் பெட்டுக்குப் பதில் ஆயிரம் ரூபாயில் ஒன்று கிடைக்குமா என்பது போல. என் பார்வையில், வசதி குறைந்த மருத்துவமனையில் உண்மையிலேயே தட்டுப்பாடாக இருப்பது ஆள்களின் நேரம். ஒரு முறை மலிவானதா என்று தீர்மானிக்க, அது எத்தனை முறை திருப்ப வேண்டிய தேவையைக் குறைக்கிறது, அல்லது திருப்புவதை எவ்வளவு சுலபமாக்குகிறது என்று பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை கையிலெடுக்கும் அளவுகோல் அதுதான்.

புண் வருவது எப்படி என்பதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில், அதாவது முதுகின் அடிப்பகுதி, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, பின்மண்டை ஆகியவற்றில், உடல் எடை எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே உள்ள சதையை நசுக்குகிறது. ரத்த ஓட்டம் தடைபடுகிறது, செல்களும் உருக்குலைகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது இவ்வளவு தெளிவாக இல்லை. நரம்பு கெட்டுப்போனதால் தசை தானாகவே அழுகுகிறது என்று பிரான்சின் பெரும் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ நம்பினார். முதுகுத்தண்டு துண்டிக்கப்பட்ட விலங்குகளைக்கூட அழுத்தம் படாமலும் சுத்தமாகவும் வைத்தால் புண் வராது என்பதை அவருக்கு முன்பே பிரவுன்-செக்கார் காட்டியிருந்தார். ஆனாலும் புண் விதியின் செயல் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்துவிட்டது. 1959இலும் 1961இலும் மைக்கேல் கோசியாக் வெளியிட்ட விலங்குச் சோதனைகள் அளவுகளைத் தந்தன. 70 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் திசு மீள முடியாதபடி கெடுகிறது. அதைவிடப் பல மடங்கு அழுத்தத்தை இடையிடையே விலக்கிக் கொடுத்தால் அவ்வளவாகக் கெடுவதில்லை. ஆக, அழுத்தமும் நேரமும் சேர்ந்துதான் புண்ணைத் தீர்மானிக்கின்றன. ஒன்றைக் குறைத்தால் மற்றதை நீட்டிக்கலாம். மலிவு விலை வடிவமைப்பு முழுவதும் இந்த ஒரு சலுகையைப் பயன்படுத்திக்கொள்வதில்தான் இருக்கிறது.

இரண்டு மணி நேர விதி புகழ்பெற்றது இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில். 1944இல் லுட்விக் குட்மன் அங்கே முதுகுத்தண்டுக் காயப் பிரிவைத் தொடங்கினார். முதல் உலகப் போரில் இத்தகைய காயம் பட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் சிறுநீர்த் தொற்றாலும் படுக்கைப்புண் தொற்றாலும் சீக்கிரமே இறந்துபோனார்கள். குட்மன் இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பச் சொன்னார். நடக்கிறதா என்று நடுராத்திரியில் தானே வந்து பார்த்தார். விதி பலித்தது. அதைச் செயல்படுத்த அவரிடம் ஆட்கள் இருந்தார்கள் என்பதை மட்டும் நாம் மறந்துவிட்டோம். விதியை மட்டும் இறக்குமதி செய்துகொண்டு, ஆட்களை அங்கேயே விட்டுவிட்டோம்.

இனி மெத்தைக்கு வருவோம். இந்தத் துறையின் ஆய்வுகளில் நம்மைப் போன்ற நாடுகளுக்கு மிகவும் பயன்படக்கூடியது, டாம் டெஃப்ளூர் குழுவினர் பெல்ஜிய முதியோர் இல்லங்களில் நடத்தி 2005இல் வெளியிட்டது என்பேன். 838 பேரைப் பல குழுக்களாகப் பிரித்தார்கள். சிலரைச் சாதாரண மெத்தையில் இரண்டு அல்லது மூன்று மணிக்கு ஒருமுறை திருப்பினார்கள். சிலரை உடலுக்கேற்ப அமிழும் தரமான ஃபோம் மெத்தையில் நான்கு மணிக்கு ஒருமுறை திருப்பினார்கள். தோல் உரிந்த அல்லது அதைவிட மோசமான புண் நான்கு மணி நேரக் குழுவில் 3 சதவீதம் பேருக்கு வந்தது. மற்றக் குழுக்களில் அது 14 முதல் 24 சதவீதம். சாதாரண மெத்தையில் இரண்டு மணிக்கு ஒருமுறை மாய்ந்து மாய்ந்து திருப்பியதைவிட, நல்ல மெத்தையில் பாதித் தடவை திருப்பியது மேலானதாக இருந்தது. 2013இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வு ஒன்றும் இதே திசையில் பேசுகிறது. அங்கே 942 முதியோர் அடர்த்தியான ஃபோம் மெத்தையில் இருந்தார்கள். இரண்டு, மூன்று, நான்கு மணி இடைவெளிகளுக்குள் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

இவர்கள் ஓரளவு நன்றாகச் சாப்பிட்டு, முறையான கவனிப்பில் இருந்த முதியவர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்த அழுத்தம் விழுந்து கிடப்பவருக்கும், இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாதவருக்கும் இந்தக் கணக்கை அப்படியே பொருத்தக் கூடாது. பொது வார்டில் கிடக்கும் மற்றவர்களுக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

அடுத்த ஆய்வு அயர்லாந்தில் நடந்தது. பக்கவாட்டில் முழுக்கச் சாய்த்துப் படுக்கவைத்தால் எடை முழுவதும் இடுப்பெலும்பின் முனையில் இறங்குகிறது. அதற்குப் பதிலாக, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகி 30 பாகை மட்டும் சாய்த்தால், புட்டத்தின் தடித்த சதை எடையைத் தாங்கிக்கொள்ளும். இரவில் மூன்று மணிக்கு ஒருமுறை இப்படிச் சாய்த்தவர்களில் 3 சதவீதம் பேருக்கும், வழக்கம்போல ஆறு மணிக்கு ஒருமுறை 90 பாகை புரட்டப்பட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கும் புண் வந்ததாக 2011இல் வெளியிட்டார்கள். இதில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. உடல் ரொம்பப் பெரிதாக இல்லாதவரை, அடியில் ஒரு குறுக்குத்துணி விரித்திருந்தால், 30 பாகைச் சாய்வை ஒருவரே செய்துவிடலாம். இப்போது முதல் கணக்குக்குத் திரும்புவோம். நல்ல மெத்தையில் நான்கு மணிக்கு ஒருமுறை, ஒரே ஆள், ஐந்து நிமிடம்: 60 தடவைக்கு ஐந்து மணி நேரம். 20 மணி நேரம் ஐந்தாகிவிட்டது. காகிதக் கணக்குதான், வார்டில் இவ்வளவு சுத்தமாக வராது. பாதி வந்தாலே பெரிய லாபம்.

குறுக்குத்துணியைப் பற்றி இரண்டு வார்த்தை. நோயாளியைத் தலைமாட்டுக்கு இழுக்கும்போது தோல் விரிப்போடு ஒட்டிக்கொள்ள, எலும்பு மட்டும் உள்ளே நகர்கிறது. நடுவிலுள்ள ரத்தக்குழாய்கள் முறுக்கிக்கொள்கின்றன. கட்டிலின் தலைப்பக்கத்தை உயரத் தூக்கி உட்காரவைத்துவிட்டுப் போனாலும் நோயாளி மெல்லச் சரிந்து இதேதான் நடக்கும். தோளிலிருந்து தொடை வரை மடித்து விரித்த ஒரு பருத்திப் புடவையை இரு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்தினால் இழுபறி இல்லை. எந்த வீட்டிலும் இருக்கும் பொருள் இது. முடிந்தவரை தலைப்பக்கம் 30 பாகைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வதற்கும் செலவில்லை.

நல்ல ஃபோம் என்றால் என்ன? கடைக்காரர் “நாற்பது டென்சிட்டி சார்” என்பார். அந்த எண் ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை. சீக்கிரம் குழி விழாது என்பதற்கு அது ஓரளவு அடையாளம், மிருதுவாக இருக்கும் என்பதற்கு அல்ல. அடர்த்தி அதிகமாகவும் பலகைபோலக் கடினமாகவும் இருக்கும் ஃபோமும் உண்டு. பல மருத்துவமனைகளில் காணும் தென்னை நார் மெத்தை கடினம், அமிழ்வதில்லை. பழைய இலவம்பஞ்சு மெத்தை நாளாக ஆகக் கட்டி தட்டிவிடும், கழுவவும் முடியாது. இவற்றைவிடப் பெரிய வில்லன் மேலுறை என்று நினைக்கிறேன். கழுவ வசதி என்று தடித்த ரெக்சினை இழுத்துத் தைத்து மூடுகிறோம். உள்ளே எவ்வளவு நல்ல ஃபோம் இருந்தாலும் நோயாளி அதில் அமிழ மாட்டார், மேலே விறைத்த ரெக்சினில்தான் கிடப்பார். போதாததற்கு அதன்மேல் ரப்பர் ஷீட். மே மாத வெயிலில் மின்விசிறிக்குக் கீழே ஒருவர் அதில் ஒரு பகல் படுத்திருந்தால் முதுகு ஊறிப்போகும். ஊறிய தோல் சீக்கிரம் கிழியும். நீட்சியுள்ள, நீர் உள்ளே போகாத, ஆனால் ஆவி வெளியேறக்கூடிய உறைத்துணி இருக்கிறது. ஃபோமுக்கு ஆகும் செலவோடு உறைக்கும் ஒரு பங்கு ஒதுக்காத கொள்முதல் வீண்.

மெத்தை ஓய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. நோயாளி படுத்திருக்கும்போது மெத்தைக்கு அடியில், அவருடைய இடுப்புக்கு நேராக, உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை நுழைக்க வேண்டும். கைக்கும் உடலுக்கும் நடுவே ஓர் அங்குலத்துக்குக் குறைவாகவே ஃபோம் தட்டுப்பட்டால் அந்த மெத்தையைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

ஏர் பெட்டும் வாட்டர் பெட்டும் நம் மக்கள் மனதில் பெரிய இடம் பிடித்திருக்கின்றன. பெரியவர் படுக்கையில் விழுந்ததும் “ஒரு வாட்டர் பெட் வாங்கிடுங்க” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். தண்ணீர்ப் படுக்கை 1830களில் நீல் ஆர்னட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இதே காரணத்துக்காகச் செய்தது. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று அவர் காப்புரிமை வாங்காமல் விட்டார். நல்ல மனிதர். அதில் தண்ணீர் அளவு சரியாக இருந்தால் எடை பரவுகிறது. அதிகம் நிரப்பினால் கல்போல ஆகும், குறைந்தால் இடுப்பு கட்டிலைத் தொடும். காற்றறைகள் மாறி மாறி ஊதி இறங்கும் மெத்தை, வெறும் பழைய மெத்தையைவிட மேல் என்பதில் சந்தேகமில்லை. தரமான ஃபோமைவிட மேலா என்பதுதான் கேள்வி. பிரிட்டனில் 2029 நோயாளிகளிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் இரண்டுக்கும் இடையே முடிவில் உறுதியான வித்தியாசம் கிடைக்கவில்லை. இங்கே இன்னொரு சங்கடமும் உண்டு. மின்சாரம் போனாலோ, குழாய் கழன்றாலோ, பம்பு ரிப்பேரானாலோ அது மடிந்த பிளாஸ்டிக் தாள். அதைக் கவனிக்கவும் ஒரு ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏர் பெட் போட்டாகிவிட்டது என்ற நிம்மதியில் திருப்புவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

முதுகின் அடிப்பகுதியில் முன்கூட்டியே ஒட்டும் சிலிகான் ஃபோம் பட்டைகளுக்கு ஆதாரம் நன்றாகவே இருக்கிறது. மெல்போர்னில் ஐசியூ நோயாளிகளிடம் நடத்திய சோதனையில் புண் 13.1 சதவீதத்திலிருந்து 3.1 சதவீதமாக இறங்கியது. விலைதான் இடிக்கிறது. ஐசியூவில் மிக மோசமான நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் புகழ்பெற்ற ஆட்டுத்தோல் விரிப்பு நம் வெக்கைக்கு ஆகாது.

காசு மிச்சப்படுத்த எளிய வழி, பயனில்லாததை நிறுத்துவது. ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு, முதுகை அழுத்தித் தேய்ப்பதைப் பல தலைமுறைச் செவிலியர்கள் பாடமாகவே படித்தார்கள். ஸ்பிரிட் தோலை வறள வைக்கிறது. சிவந்த இடத்தைத் தேய்த்தால் ஏற்கெனவே நைந்த திசு மேலும் நைகிறது. சர்வதேச வழிகாட்டுதல்கள் இதைக் கைவிடச் சொல்லி ஆண்டுகள் பல ஆகின்றன. கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைப்பதும் நம் ஐசியூக்களில் சர்வ சாதாரணம். குதிகால் அந்தச் சிறு பையின் மேல் அழுந்திக்கொண்டுதான் இருக்கும். கெண்டைக்கால் முழுவதும் தாங்கும்படி ஒரு தலையணையை நீளவாக்கில் வைத்தால் குதிகால் எதிலும் படாமல் காற்றில் நிற்கும். அவ்வளவே போதும். நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை ஓட்டையைச் சுற்றி அழுத்திப் புது வட்டமாகப் புண்ணைக் கொண்டுவரும். அந்தக் கையுறைகளையும் ஸ்பிரிட்டையும் அதற்குச் செலவாகும் நேரத்தையும் தலையணைக்கும் திருப்புவதற்கும் மாற்றிவிடலாம்.

புண் தொடங்குவது பல நேரங்களில் வார்டில் அல்ல. விபத்தில் அடிபட்டவர் அவசரப் பிரிவில் இரும்பு ஸ்ட்ரெச்சரில், பிறகு எக்ஸ்ரே மேசையில், சி.டி. ஸ்கேனுக்கு வெளியே வரிசையில், பிறகு அறுவை மேசையில் என்று அசையாமல் பல மணி நேரம் கிடக்கிறார். தசையின் ஆழத்தில் ஏற்பட்ட சேதம் தோலில் கருநீலமாகத் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். அப்போது அவர் வார்டில் இருப்பார், பழியும் வார்டுக்குப் போகும். ஸ்ட்ரெச்சர்களுக்கும் அறுவை மேசைகளுக்கும் தரமான ஃபோம் பட்டை போடுவது, ஒரு மருத்துவமனை முதலில் செய்ய வேண்டிய செலவு என்று நினைக்கிறேன். எண்ணிக்கை குறைவு, பயன்படுத்துவோர் நூற்றுக்கணக்கானோர்.

நம் தோல் நிறத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பாடநூல்கள் முதல் அறிகுறியாகச் சொல்வது, விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு. கருத்த தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்க முதியோர் இல்லங்களில் கறுப்பினத்தவருக்குப் புண் பெரும்பாலும் முற்றிய பிறகே கண்டுபிடிக்கப்படுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நமக்கும் அதே ஆபத்துதான். புறங்கையால் தொட்டுப் பார்த்துச் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ இருக்கிறதா, விரலுக்குக் கெட்டியாகவோ கொழகொழவென்றோ படுகிறதா, அந்த இடம் வலிக்கிறதா, அக்கம்பக்கத்தைவிடக் கருத்தோ ஊதா சாயலிலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணைவிடக் கைக்கு வேலை அதிகம்.

யாருக்கு ஆபத்து என்று கண்டுபிடிக்க மதிப்பெண் அட்டவணைகள் இருக்கின்றன. டோரீன் நார்ட்டன் 1962இல் கொடுத்தது ஐந்து கேள்விகள். பிரேடனும் பெர்க்ஸ்ட்ராமும் 1987இல் வெளியிட்டது ஆறு தலைப்புகள். அட்டவணை நிரப்புவதால் மட்டும் புண் குறைகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. வேலைப்பளு மிகுந்த வார்டில் மூன்று கேள்விகள் போதும். தானாகப் புரள முடிகிறதா? படுக்கை நனைகிறதா? சரியாகச் சாப்பிடுகிறாரா? முதல் கேள்விக்கு இல்லை என்ற பதில் வந்தாலே கட்டிலில் ஓர் அடையாளம் மாட்டிவிடலாம்.

சாப்பாடு பற்றி விரிவாகச் சொல்ல இடமில்லை. ஆனால் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். படுக்கையில் இருப்பவருக்கு அடிக்கடி மலம் கழித்துச் சுத்தம் செய்யும் தொல்லை வரக்கூடாது என்று கஞ்சித்தண்ணீரோடு நிறுத்திவிடுகிறார்கள். புண் ஆபத்துள்ளவருக்கு, சிறுநீரகக் கோளாறு போன்ற தடை இல்லாவிட்டால், உடல் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்கின்றன வழிகாட்டுதல்கள். ஐம்பது கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 62 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம். கஞ்சியில் அது எங்கே?

ஆள் இல்லாத மருத்துவமனையில் கடைசியில் எல்லாரும் கைகாட்டுவது நோயாளியோடு தங்கியிருக்கும் மனைவியையோ மகளையோதான். அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தால் போதும் என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. குறுக்குத்துணி, தலையணைச் சாய்வு, குதிகாலைத் தூக்கி வைப்பது மூன்றையும் அரை மணி நேரத்தில் கற்றுத் தரலாம். ஆனால் குடும்பத்தைச் சம்பளமில்லாத ஊழியராக நினைத்துத் திட்டம் போடுவது சரிப்படாது. பக்கவாதத்துக்குப் பின்னான பயிற்சியைக் குடும்பத்தாரிடம் ஒப்படைத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று இந்தியாவிலேயே 14 மருத்துவமனைகளில் 1250 பேரிடம் நடந்தது. 2017இல் வெளியான முடிவில், மரணமோ பிறரைச் சார்ந்திருப்பதோ குறையவில்லை. வங்கதேசத்தில் 1979இல் வேலரி டெய்லர் தொடங்கிய, இப்போது சவாரில் இயங்கும், உடல் செயலிழந்தோர் மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்பும் முதுகுத்தண்டு நோயாளிகளில் பலரைக் கொல்வது படுக்கைப்புண் தொற்று. அவர்களைத் தொலைபேசியிலும் நேரிலும் தொடர்ந்து கவனித்த ஆய்வும் மரணத்தைக் குறைத்ததாகக் காட்டவில்லை. மெத்தையும் சாப்பாடும் வருமானமும் இல்லாத வீட்டில் அறிவுரை எவ்வளவு தூரம் போகும்? தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே சென்று வலிதணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் தருகிறது. அந்த வருகையில் ஒரு நல்ல மெத்தையையும் கையோடு கொண்டுபோனால் அறிவுரைக்குப் பிடிமானம் கிடைக்கும்.

கை வலுவுள்ளவர்கள் தாங்களே உடலைத் தூக்கிக்கொள்ளக் கற்பதுதான் எல்லாவற்றிலும் மலிவு. விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தும் சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்த மேரி வர்கீஸ் 1966இல் வேலூரில் உருவாக்கிய மறுவாழ்வு மையத்தின் அணுகுமுறையில் இது அடிப்படை. கட்டிலின் கால்மாட்டில் கட்டிய உறுதியான ஒரு கயிறுகூட இதற்கு உதவும்.

வேலூரிலேயே இன்னொரு முன்மாதிரியும் இருக்கிறது. கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளியின் கால் நோயால் தானாக அழுகவில்லை, வலி தெரியாமல் அழுத்திக்கொண்டே நடப்பதால்தான் புண்ணாகிறது என்று கண்டார். அதற்கு அவரும் அவருடன் இருந்தவர்களும் கண்ட விடை, நுண்ணறைகள் கொண்ட மிருதுவான ரப்பர் அட்டையில் செய்த செருப்பு. உள்ளூரிலேயே செய்யலாம், தேய்ந்தால் மாற்றலாம், நோயாளியே அணிந்துகொள்ளலாம், கூட ஒரு ஆள் தேவையில்லை. மலிவான வடிவமைப்பின் எல்லா இலக்கணமும் அந்தச் செருப்பில் இருக்கிறது. இன்று பொறியியல் மாணவர்கள் அழுத்தத்தை அளந்து கைபேசிக்குச் செய்தி அனுப்பும் விரிப்புகளைக் கண்காட்சிகளில் வைக்கிறார்கள். உழைப்பு பாராட்டத்தக்கது. ஆனால் நோயாளியைத் திருப்ப வேண்டும் என்பது செவிலியருக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாத செய்தி எதையும் அந்த விரிப்பு சொல்லவில்லை, திருப்ப ஒரு கையையும் தரவில்லை. அதே மாணவர்கள் வியர்வை வெளியேறும், கழுவக்கூடிய, இங்கேயே நெய்யக்கூடிய மெத்தை உறை ஒன்றைச் செய்து கொடுத்தால் வார்டுகள் கையெடுத்துக் கும்பிடும்.

1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து, அரசு மருத்துவமனைகளுக்கு மலிவாகக் கொடுத்து மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டியது. மாத்திரைக்குக் காட்டிய அந்தக் கண்டிப்பை மெத்தைக்கும் காட்டலாம். ஃபோமின் அடர்த்தியும் மிருதுத்தன்மையும் தனித்தனியாகச் சோதிக்கப்பட வேண்டும், உறை நீட்சியோடும் ஆவி வெளியேறும் தன்மையோடும் இருக்க வேண்டும், வாங்கிய தேதி மெத்தையிலேயே அச்சிடப்பட வேண்டும், ஸ்ட்ரெச்சருக்கும் சேர்த்தே வாங்க வேண்டும். டெண்டரில் நான்கு வரிகள்தாம். மாதத்தில் ஒரு நாள் எல்லா வார்டுகளிலும் புண் உள்ளவர்களை எண்ணி, எங்கிருந்து வந்தது என்பதோடு எழுதி வைத்தால் மெத்தை பயன் தந்ததா என்று ஓராண்டில் தெரிந்துவிடும். இந்தக் கொள்முதலை முடிவுசெய்யும் குழுவில், இரவு ஷிஃப்ட் பார்க்கும் செவிலியர் ஒருவரைக் கட்டாயம் உட்காரவையுங்கள்.